டத்தோ ஸ்ரீ வெள்ளம் அவர்களுக்கு வாசித்தளிக்கும் வரவேற்புப் பத்திரம்

மாட்சிமை தங்கிய நூறாண்டு வெள்ளம் அவர்களே!

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சாமான் கடைக்காரர்கள் சார்பில் தங்களை வருக வருக என வரவேற்கிறோம். மாலை போட ஆசைதான். போன முறை தாங்கள் அடித்துக்கொண்டு போன பூவுக்கே பூக்காரருக்குப் பாக்கி இருப்பதால், பொன்னாடையோடு நிறுத்திக்கொள்கிறோம். கட்சி ஆண்டுக்கூட்டத்தில் மிஞ்சிய ஆடை. ஓரத்தில் கொஞ்சம் கறை. பொறுத்தருள்க.

இந்த நாட்டில் டத்தோ பட்டம் வாங்காதவர் யார்? கோயில் கமிட்டிக்குள் சண்டை மூட்டியவர் டத்தோ. தோட்டத்தை விற்றுக் கொடுத்தவர் டத்தோ. வாங்கி வீடு கட்டியவர் டத்தோ ஸ்ரீ. தங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். தாங்களோ ஒரே இரவில் எத்தனை பேர் பதவியைக் காப்பாற்றித் தருகிறீர்கள்! கால்வாயை யார் தூர்வாரவில்லை என்று கேட்டால், வெள்ளம் பெரிது என்கிறார்கள். மலையை யார் மொட்டையடித்தார் என்று கேட்டால், மழை அதிகம் என்கிறார்கள். படகு ஏன் வரவில்லை என்று கேட்டால், நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதற்கு யார் ஐயா தயாராக இருப்பார் என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட பொதுச்சேவைக்கு அரண்மனைப் பட்டியலில் இடம் இல்லையென்றால், நாங்களே தருகிறோம். இன்று முதல் தாங்கள் டத்தோ ஸ்ரீ.

தங்கள் பழைய வருகைகளை நினைவுகூர்வது மரபு. 1926 டிசம்பரில் வந்தீர்கள். தீபகற்பத்தின் பெரும்பகுதி மூழ்கியது. 1967 ஜனவரியில் வந்தீர்கள். கிளந்தான், திரெங்கானு, பேராக் ஆறுகள் மூன்றையும் ஒருசேரப் பொங்கவைத்து 55 உயிரை வாங்கிக்கொண்டு போனீர்கள். 1971 ஜனவரியில் கோலாலம்பூரையே எட்டிப் பார்த்தீர்கள். தலைநகரம் நனைந்ததும்தான் அரசுக்குக் குளிர் எடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் பிறந்தது. அந்தப் பெயரில் இருந்த மூன்று விஷயத்தில் இன்றுவரை நிரந்தரமாக இருப்பது தாங்கள் ஒருவரே.

2014 டிசம்பரில் எங்கள் கோலகங்சார் மாவட்டத்துக்கே நேரில் வந்தீர்கள். பேராக் ஆறு கரையைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்தது. நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த வாரத்தில் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக் ஹவாயில் ஒபாமாவோடு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். படம் வெளியே வந்தது, ஊர் கொதித்தது, விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் உருவானது. தாங்கள் ஒவ்வொரு முறை வரும்போதும் எங்களுக்கு ஒரு புது அலுவலகம் கிடைக்கிறது. படகு மட்டும் பழையபடி பக்கத்து வீட்டுக்காரருடையது.

தங்கள் முழுப்பெயர் பற்றி ஒரு விளக்கம் கேட்கவேண்டும். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒரு தடவை தேதி பார்த்து வருவது என்று பொருளில்லை. எந்த வருடத்திலும் நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் பொறியாளர் கணக்கு. இந்த வருடம் வந்தவர் அடுத்த வருடமும் வரலாம். அமைச்சர்கள் கணக்கு வேறு. ஒரு தடவை வந்துவிட்டால் மிச்சம் 99 வருடம் லீவு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி சனிக்கிழமை தாங்கள் சிலாங்கூரில் இறங்கினீர்கள். கோலாலம்பூரில் வருடம் முழுக்கப் பெய்வதே 2,400 மில்லிமீட்டர்தான், ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் கொட்டிவிட்டது, இது நூறாண்டுக்கு ஒரு முறை நடப்பது என்று சுற்றுச்சூழல், நீர்வள அமைச்சின் தலைமைச் செயலாளர் மறுநாளே அறிவித்தார். 2022 மார்ச் 7-ஆம் தேதி கோலாலம்பூர் மறுபடியும் மூழ்கியது. நூறாண்டு மூன்று மாதத்தில் முடிந்துபோனது! வட்டிக்கடைக்காரன்கூட இத்தனை வேகமாகத் தவணையைச் சுருக்கமாட்டான்.

சிலாங்கூர் வெள்ளத்துக்குச் சுங்கை சிப்புட்காரர்கள் ஏன் பத்திரம் வாசிக்கிறீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள், அதனால்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. தோட்ட லய வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பேராக் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் பஸ் ஏறிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். கையிலிருந்த காசுக்கு எங்கே வீடு கிடைக்குமோ அங்கேதானே வாங்க முடியும்? மேட்டு நிலம் விலை அதிகம். தோட்டத்தை விட்டு இறங்கியவர்கள் ஆற்றங்கரைத் தாழ்நிலம் வரைக்கும் இறங்கிப்போனார்கள். அங்கே தாங்கள் காத்திருந்தீர்கள்.

என் சித்தப்பா மகன் அப்படிப் போனவன். அந்தப் பக்கம்தான் கீழே கடை, மேலே வீடு. சனிக்கிழமை ராத்திரி தண்ணீர் கடை அலமாரியின் முதல் தட்டுக்கு ஏறியது. விடிவதற்குள் மூன்றாம் தட்டு. அரிசி மூட்டை தண்ணீரைக் குடித்து ஊதித் தையல் பிரிந்து வெடிக்கும், பார்த்திருக்கிறீர்களா? தாங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள், போகும் அவசரம்! பருப்பும் கடுகும் சீனியும் கலந்து ஒரு குழம்பு. கேஸ் தோம்பு மிதந்து கதவை முட்டிக்கொண்டே இருந்ததாம். டின்களின் லேபிள்கள் எல்லாம் உரிந்து மிதந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மினுமினுவென்று மொட்டை டின்களாக நூற்றுக்கணக்கில் நின்றன. திறந்தால் சார்டினாக இருக்கலாம், லைச்சியாக இருக்கலாம், பூனைத் தீனியாகவும் இருக்கலாம். ‘எது எடுத்தாலும் ஒரு வெள்ளி, உங்க அதிர்ஷ்டம்’ என்று எழுதி வைத்தான். அந்த நேரத்திலும் அவனுக்கு வியாபாரம் வந்தது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரசாங்கம் என்று ஒன்று அந்தத் தெருவுக்கு வரவில்லை. மேல்மாடியிலும் கூரையிலும் ஜனங்கள் இரண்டு நாள், சிலர் அதற்கு மேலும், கையசைத்துக்கொண்டு கிடந்தார்கள். வந்தவர்கள் யார்? சொந்தப் படகும் காயாக்கும் இழுத்துக்கொண்டு வந்த முகம் தெரியாத இளைஞர்கள். ஆயிரக்கணக்கில் சாப்பாடு சமைத்து அனுப்பிய பெட்டாலிங் ஜெயா குருத்துவாரா சீக்கியர்கள். தெருவுக்குள்ளே? இவன் கடை. மேல் தட்டில் நனையாமல் இருந்த ரொட்டி, மெகி, மெழுகுவத்தி, குழந்தைப் பால் மாவு எல்லாம் மாடிக்கு ஏறி, மாடி ஜன்னல் வழியாகப் பக்கத்து வீடுகளுக்குக் கயிற்றில் போயின. மலாய்க்காரர், சீனர், வங்காளதேசத் தொழிலாளி, எல்லோருக்கும். ‘காசு அப்புறம் பாத்துக்கலாம் அக்கா.’ அக்கா விடவில்லை. ‘எழுதுடா, இனாமா வாங்கற ஆளு இல்ல நானு’ என்று மாடியிலிருந்தே கத்தியிருக்கிறார். எழுதினான்.

எதில் எழுதினான்? 555 கடன் புத்தகத்தில். அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் இந்த நாட்டில் எந்தத் தோட்டமும் சம்பள நாள் வரைக்கும் உயிரோடு இருந்ததில்லை. இருபதாம் தேதிக்கு மேல் லயத்து அடுப்பு எரிந்தது அந்தப் புத்தகத்தில்தான். கடை மேசைக்குள் இருந்த பழைய கட்டு நனைந்து ஊறி மூன்று மடங்கு தடித்துவிட்டது. வெயிலில் விரித்துப் போட்டுப் பார்த்தால், மைப்பேனாவால் எழுதிய பாக்கியெல்லாம் நீலக் கறையாகக் கரைந்துபோயிருக்கிறது, பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே நிற்கிறது. கரைந்த பக்கத்துக்காரர்களில் பாதிப் பேர் தாங்களாகவே வந்து ‘என் கணக்கு இவ்வளவு தம்பி’ என்று சொன்னார்கள். மீதிப் பேருக்குச் சொல்வதற்கு வீடே மிச்சமில்லை.

புள்ளிவிவரத் துறை கணக்கு எடுத்தது, இல்லையென்று சொல்லவில்லை. 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் தாங்கள் செய்த சேதம் 610 கோடி வெள்ளி. அதில் வணிகத் தலங்களுக்கு 50 கோடி. இறந்தவர்கள் 50 பேருக்கு மேல். இந்த 50 கோடிக்குள் எங்கோ ஒரு மூலையில் அந்த மொட்டை டின்களும் இருக்கவேண்டும். ஆனால் போராங் என்ற விண்ணப்பப் படிவத்தை எழுத உட்கார்ந்தால் கடையைக் காணோம்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன், அலுவலகம் எது என்பது வேண்டாம். வாங் ஈசான் என்று குடும்பத்துக்கு 1,000 வெள்ளி கொடுத்தார்கள் அல்லவா? அதற்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரி நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார்.

‘ஆண்ட்டி, மாடியில தண்ணி ஏறலையே. வீடு பாதிக்கப்படலை.’

‘கீழ பாருங்க என்சே, கடையே போச்சே.’

‘கடை குடும்பம் இல்லையே ஆண்ட்டி.’

‘அப்ப கடைக்கு என்ன?’

‘கடைக்குக் கடன் இருக்கு. பேங்க்ல கேளுங்க.’

கீழே நனைந்தது கடை, அது குடும்பம் இல்லை. மேலே இருப்பது குடும்பம், அது நனையவில்லை. கீழும் மேலும் ஒரே மாடிப்படியால் இணைந்திருப்பதை அந்தப் போராங் நம்ப மறுக்கிறது. காப்புறுதிக்காரரைக் கேட்டால், தீ விபத்துப் பாலிசியில் வெள்ளம் சேராது, அதற்குத் தனியாகக் கட்டியிருக்கவேண்டும் என்கிறார். ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவன் கடைசியில் வட்டிக்குக் கடன் வாங்கி, ஊர் திருப்பித் தரும் வரை உட்கார்ந்திருக்கவேண்டும்.

அரசாங்கத்துக்குத் திறமை போதாது, பாவம், விடுங்கள் என்று சொல்பவர்கள் சுங்கை சிப்புட்டுக்கு வரட்டும். திறமை எங்கள் ஊரில்தான் வெளிப்பட்டது. 1948 ஜூன் 16-ஆம் தேதி காலை, எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாள். 18-ஆம் தேதி மலாயா முழுக்க அவசரகாலம். அடுத்த சில வருடத்தில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்துப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. 5 லட்சம் பேரை இடம் மாற்ற அன்றைக்கு லாரி இருந்தது, கம்பி இருந்தது, பட்டியல் இருந்தது.

சாமான் கடை? அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள். கட்டுப்பாட்டு உணவுப்பொருள் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு விற்றது என்று கடைக்காரன் எழுதி வைக்கவேண்டும். பால் டின் விற்றால் வாங்குபவர் கண்ணெதிரே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்கவேண்டும், பதுக்கிவைக்க முடியாதபடி. ஜப்பான்காரன் போன பிறகு கடை போட்ட எங்கள் தாத்தா, ஒவ்வொரு டின்னாகக் குத்திக் குத்தி உள்ளங்கை காய்த்துப்போனது என்பார். ஒரு கடைக்குள் எத்தனை டின் இருக்கிறது, எந்த வீட்டுக்கு எத்தனை போனது என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த அரசாங்கம் இது. பட்டினி போடுவதற்கு எண்ணத் தெரிந்தது. பட்டினி கிடப்பவனுக்குக் கொடுத்ததை எண்ணச் சொன்னால், போராங்கில் இடம் இல்லை என்கிறது. வெள்ளைக்காரன் போய்விட்டான், உண்மை. அவன் கோப்பு போகவில்லை. பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் இரண்டு நாள், எங்களுக்கு ஆபத்து என்றால் நூறு ஆண்டு.

கோபத்தில் பத்திரத்தின் நடை கெட்டுவிட்டது, டத்தோ ஸ்ரீ. மன்னிக்கவும்.

தங்களைக் கடவுளின் சோதனை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கடவுள் மேல் பழி போடுவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை, அவர் தேர்தலில் நிற்பதில்லை. ஆனால் மரம் வெட்ட லைசென்ஸ் கொடுத்தது அவரா? மலேசிய அரசியல் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசின் கையில். காட்டைக் காட்டாகவே வைத்திருந்தால் மாநிலக் கஜானாவுக்கு வருமானம் குறைவு. வெட்டினால் காசு. 2022 ஜூலை 4-ஆம் தேதி கெடா பாலிங்கில், குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டையுமாக இறங்கி மூன்று உயிரைக் கொண்டுபோனீர்கள். மேலே துரியான் தோட்டத்துக்காகக் காடு அழிந்ததை ஊர்க்காரர்கள் விரல்நீட்டிக் காட்டினார்கள். எங்கள் பக்கம் பெலுஸ் ஆற்றின் மேலேயிருக்கும் தெமியார் பூர்வகுடி மக்களைக் கேளுங்கள், ஆறு என்றைக்குக் கலங்க ஆரம்பித்தது, எந்த லாரி அதற்கு முன்னால் போனது என்று சொல்வார்கள். அவர்களிடம் கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கடை வாசலில் அடைத்துக் கிடக்கும் கால்வாயை யார் வெட்டுவது என்று விசாரித்தால் நல்ல சுற்றுலா. தெருக் கால்வாய் நகராண்மைக் கழகம். மெயின் ரோட்டுக் கால்வாய் பொதுப்பணி இலாகா. இரண்டும் போய்ச் சேரும் ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகா. ஆற்றுக்கு மேலே மலை மாநிலம். அணைக்கட்டு மின்சார வாரியம். தண்ணீர் மட்டும் இந்த எல்லை எதையும் படிக்காமல் வந்துவிடுகிறது.

எங்கள் தொகுதிக்குத் தலைவர்கள் பஞ்சமும் இல்லை. துன் சம்பந்தன் இங்கே பிறந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பாட்டாளிகளின் சில்லறையைச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு தோட்டங்களையே வாங்கிக் காட்டியவர். அவருக்குப் பிறகு 1974 முதல் 2008 வரை டத்தோ ஸ்ரீ சாமிவேலு, அதில் பெரும்பகுதி பொதுப்பணி அமைச்சராக. அவர் காலத்தில்தான் 2007-இல் கோலாலம்பூரில் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் திறந்தது. மழை இல்லாதபோது அதன் ஒரு பகுதியில் கார் போகும், பெருமழை பெய்தால் வெள்ளம் போகும். உலகமே வந்து பார்த்தது. அமைச்சரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஊரின் கால்வாய், மழை பெய்யாவிட்டால் பிளாஸ்டிக் பை போகும், பெய்தால் எங்கள் செருப்பு போகும். 2008-இல் ஊர் அவரைத் தோற்கடித்தது. பிறகு ஆட்சிகளும் மாறின. கட்சிக்கொடியின் நிறம் மாறிய அளவுக்குக் கால்வாய்த் தண்ணீரின் நிறம் மாறவில்லை.

தங்கள் வருகையை ஒட்டி நடக்கும் கலைநிகழ்ச்சிகளைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2021-இல் மகளிர், குடும்ப அமைச்சர் ரீனா ஹருண், தண்ணீர் பீய்ச்சும் கருவியைப் பிடித்துத் தரையைக் கழுவும் காட்சி நாடெங்கும் ஓடியது. கழுவிய தரையைவிட அந்தக் காட்சிதான் பளிச்சென்று இருந்தது. சென்னையில் 2015 வெள்ளத்தில், தொண்டு நிறுவனம் கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மறித்து ஜெயலலிதா படத்தை ஒட்டிய கதை தமிழர் அனைவருக்கும் தெரியும். நாம் அப்படியெல்லாம் சின்னத்தனமாக ஒட்டமாட்டோம். நமக்கு மாதிரிக் காசோலை இருக்கிறது. கதவு அகலத்துக்கு ஓர் அட்டை, ஒரு பக்கம் ஒய்.பி. என்கிற மக்கள் பிரதிநிதி, மறு பக்கம் பாதிக்கப்பட்டவர், இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு சிரிக்கவேண்டும். நனைந்த சேலையோடு சிரிப்பது கஷ்டம்தான், கேமராக்காரர் விடமாட்டார். அட்டையை வங்கியில் போட முடியாது. ஆனால் தாங்கள் அடுத்த முறை வரும்போது கடை வாசலில் தடுப்பாக நிறுத்தலாம், இரண்டு அங்குலம் தாங்குகிறது.

தேர்தலையும் தங்களுக்காகவே வைத்தார்கள். 2022 அக்டோபர் 10-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்து, பருவமழை தொடங்கும் நவம்பர் 19-இல் வாக்களிக்கச் சொன்னார்கள். வேண்டாம், வெள்ளம் வரும் என்று நாடே கெஞ்சியது. சரவாக் பாராம் தொகுதியில் சில வாக்குச்சாவடிகளைத் திறக்கவே முடியாமல் வாக்களிப்பைத் தள்ளிவைத்தார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதான் வருவார் என்று நம்பியவர்கள், வரும் மாதத்தைத் தெரிந்தே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்!

இனி எங்கள் விண்ணப்பம். கடைக்காரர்களின் மொட்டை டின்னுக்கு நஷ்டஈடு கேட்கவில்லை, அது போராங்கில் இல்லை என்று தெரியும். தாங்கள் வருவதை இரண்டு நாள் முன்னதாகத் தெரிவிக்கவேண்டும், அவ்வளவுதான். எங்களுக்காக அல்ல, தட்டில் மேலே ஏற்றவேண்டியதை நாங்கள் மேகம் பார்த்தே ஏற்றிவிடுவோம். ஒய்.பி.க்கள் பார்வையிட வரும்போது முழங்கால் உயரத்துக்குப் புது ரப்பர் பூட்ஸ் தேவைப்படும். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்களிடம் எல்லா அளவும் உண்டு. மேசைக்கு மேலே புது அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம்: பால் வெட்டுபவருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் 555 புத்தகம் உண்டு. ஒய்.பி.க்களுக்குக் கடன் கிடையாது, ரொக்கம் மட்டும், அட்டைக் காசோலை வாங்கப்படமாட்டாது.